குட்டி யானை நின்ற இடம்

ஆரணியிலிருந்து கலசப்பாக்கம் ஒன்றும் பெரிய தூரமில்லை. களம்பூர், போளூர், அப்புறம் திருவண்ணாமலை ரோடு. மொத்தம் 40 கிலோமீட்டர் இருக்கும். பஸ்ஸில் போனால் போளூரில் மாற வேண்டும், அவ்வளவுதான். கல்யாணமாகி 19 வருஷமாக மாமனார் வீட்டுக்கு இந்த வழியில்தான் போய் வந்திருக்கிறேன். போன வைகாசியில் இதே 40 கிலோமீட்டரைக் கடக்க எனக்கு ஏழு மணி நேரம் ஆனது. வீடு மாறிப் போன அன்று நடந்த கதை அது.

இந்த இதழின் கேள்வி பதில் பகுதியில் சினை மாட்டை வண்டியில் ஏற்றலாமா, விதையை இடம் மாற்றினால் முளைப்பு குறையுமா என்றெல்லாம் வாசகர்கள் கேட்பதைப் பார்க்கிறேன். பதில் சொல்லும் அளவுக்கு நான் படித்தவனில்லை. பட்டதைச் சொல்கிறேன்.

எங்கள் குடும்பம் பாதி தறி, பாதி மண். ஆரணியைச் சுற்றி தேவிகாபுரம், ஒண்ணுபுரம், முள்ளிப்பட்டு என்று எந்தப் பக்கம் போனாலும் தறிச் சத்தம் கேட்கும். நானும் பதினாலு வயதில் குழியில் கால் வைத்தவன். கூலி நெசவு. பட்டுச் சேலையைக் கைத்தறியில்தான் நெய்ய வேண்டும் என்று 1985ல் மத்திய அரசு சட்டமே போட்டது. இருந்தாலும் விசைத்தறிச் சேலை கைத்தறிச் சேலையோடு சேர்ந்து கடையில் தொங்குகிறது, வாங்குகிறவர்களுக்கு வித்தியாசம் தெரிவதில்லை. கூலி ஏறவில்லை, வாடகை ஏறியது. அந்த நேரத்தில் மாமனார் காலமானார். என் மனைவி ஒரே பெண். கலசப்பாக்கம் பக்கத்தில் 1 ஏக்கர் 20 சென்ட் நிலம், ஒரு கிணறு, ஓட்டு வீடு. அங்கேயே போய் விடலாம் என்று முடிவு செய்தோம்.

முடிவு செய்தது மனைவி. எனக்கு அது தொண்டையில் சிக்கிய முள்ளாக இருந்தது. 45 வயதில் வீட்டோட மாப்பிள்ளையாகப் போவதென்றால் எப்படி இருக்கும்? யார் கண்ணிலும் படாமல், சத்தமில்லாமல் போய் இறங்கிவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

செய்த தப்புகளை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். முதல் தப்பு, இரண்டு நடை அடிக்க வேண்டியதை ஒரே நடையாக்கியது. குட்டி யானை ஒன்றைப் பேசினேன். ஒரு நடைக்கு 2,800 ரூபாய். மாட்டுக்குத் தனியாக, சாமானுக்குத் தனியாக என்றால் 5,600. பாதியில் மாடு, பாதியில் சாமான், நடுவில் தறி மரங்களைக் குறுக்கே கட்டித் தடுப்பு என்று கணக்குப் போட்டேன். அந்த வண்டி தாங்கும் பாரம் முக்கால் டன். மாடு மட்டும் 350 கிலோ இருக்கும். ஜக்கார்டு பெட்டியும் அட்டைகளும் சேர்த்துத் தறி 200 கிலோ. விதை நெல் இரண்டு மூட்டை 150. விதை மல்லாட்டை இரண்டு மூட்டை 80. பாத்திரம், ட்ரங்குப் பெட்டி, வீட்டரிசி எல்லாம் ஒரு 150. கூட்டிப் பாருங்கள், 930 கிலோ வருகிறது. இந்தக் கூட்டலை நான் போட்டது வண்டி நின்ற பிறகு.

இரண்டாவது தப்பு நேரம். "விடியக்காலம் அஞ்சு மணிக்குக் கிளம்பினா வெயிலுக்கு முன்ன போயிடலாங்க" என்றாள் மனைவி. ஐந்து மணிக்கு வண்டி வரவில்லை. வந்தபோது ஏழு. திங்கட்கிழமை, ஏழரையிலிருந்து ஒன்பது வரை ராகு காலம். ஒன்பது வரை வண்டியை நகர்த்தக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார். அப்புறம் ஏற்ற ஆரம்பித்து, பத்தரைக்கு எமகண்டம் பிறக்கும் முன் கிளம்ப வேண்டும் என்று அடித்துப் பிடித்துப் பத்தேகாலுக்குக் கிளம்பினோம். மாட்டுக்கு ராகு காலமும் கிடையாது, எமகண்டமும் கிடையாது. வெயில் காலம் ஒன்றுதான் உண்டு. அக்கினி நட்சத்திரம் முடிந்து ஐந்து நாள்கூட ஆகவில்லை.

மாடு ஜெர்சி கலப்பு, மூன்றாவது ஈத்து, எட்டரை மாதச் சினை. இதுதான் மூன்றாவது தப்பு. அதைப் பற்றிப் பின்னால் டாக்டர் சொன்னதை எழுதுகிறேன்.

ஒரே ஒரு விஷயத்தில் தப்பித்தோம். மாட்டோடு பின்னால் நின்று வருகிறேன் என்று மனைவி பிடிவாதம் பிடித்தாள். டிரைவர் தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. சரக்கு வண்டியின் பின்னால் ஆட்கள் ஏறக் கூடாது. விபத்து என்று வந்தால் சரக்கின் சொந்தக்காரர் அல்லது அவர் அனுப்பிய ஆள் என்றால்தான் இன்சூரன்ஸில் பேச முடியும், மோட்டார் வாகனச் சட்டத்தில் 1994ல் அதற்கென்றே திருத்தம் வந்தது. சும்மா ஏறி வந்த உறவுக்காரர்களுக்கு அதில் இடமில்லை. முகூர்த்த நாளில் டாடா ஏஸ் பின்னால் இருபது பேர் நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் இப்போது எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஆகவே நான் முன்னால் டிரைவரோடு. மனைவி, அம்மா, பையன் மூவரும் வீட்டைப் பூட்டிவிட்டு, குத்துவிளக்கையும் சாமி படத்தையும் எடுத்துக்கொண்டு பின்னால் பஸ்ஸில்.

களம்பூர் வரை நன்றாகத்தான் போனோம். அரிசி ஆலைகளிலிருந்து நெல் அவிக்கும் வாசனை வந்தது. களம்பூரில் இருக்கிற ரயில் நிலையத்துக்குப் பெயர் ஆரணி ரோடு, ஆரணிக்கு ரயில் கிடையாது. போளூர் நெருங்கும்போது சம்பத்கிரி மலையும் அதன் மேல் நரசிம்மர் கோயிலும் தெரிந்தன. அங்கே டிரைவர் முன்னால் இருந்த ஒரு சிவப்பு விளக்கைப் பார்த்து நாக்கைச் சப்புக் கொட்டினார். "ஒண்ணுமில்லண்ணே, அது எப்பவும் எரியும்" என்றார். எனக்கும் அது சௌகரியமாக இருந்தது. நிறுத்திப் பார் என்று சொல்லவில்லை.

போளூரைத் தாண்டி, திருவண்ணாமலை நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம். மேற்கே பர்வதமலை கண்ணுக்குத் தெரிந்தது. சுமார் 4,500 அடி உயரம், உச்சியில் மல்லிகார்ஜுனர் கோயில், செங்குத்தாக ஒரு பாறை முதுகு. அந்த மலை தெரிந்துவிட்டால் மாமனார் ஊர் வந்துவிட்டது என்று என் மனைவி பஸ்ஸில் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். நானும் அப்படித்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடியில் 'டப்' என்று ஒரு சத்தம். முன்னால் முழுக்க வெள்ளை ஆவி.

டிரைவர் தம்பிக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். வண்டியை ஓரம் கட்டியதும் ஒரு சாக்கை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகினார். வேண்டாம் என்று நான் வாய் திறப்பதற்குள் கொதிநீர் பீறிட்டு அவர் முழங்கைக்குக் கீழே கொட்டிவிட்டது. அலறிக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். பின்னால் மாடு கால் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. நுரை வடிந்தது. மணி பதினொன்றரை. கலசப்பாக்கத்துக்கு இன்னும் ஐந்தாறு கிலோமீட்டர்.

அந்த நிமிஷத்தில் எனக்கு முதலில் தோன்றியது மாடும் இல்லை, டிரைவரும் இல்லை என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அச்சு, விழுதுக் கட்டு என்ன ஆனது என்றுதான் ஓடினேன். நெசவு தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சேலையை அறுத்து இறக்கின பிறகு பழைய பாவின் நுனியை அச்சிலும் விழுதிலும் அப்படியே விட்டுவைப்போம். புதுப் பாவு வந்ததும் ஆயிரக்கணக்கான இழைகளையும் ஒவ்வொன்றாக அந்த நுனிகளோடு பிணைப்போம். அது கலைந்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து கோக்க வேண்டும், நாள் கணக்கில் வேலை. வெள்ளை வேட்டியில் சுற்றி, முன்பக்கத் தகட்டை ஒட்டி வைத்திருந்தேன். துரு கலந்த வெந்நீர் அதன் மேல் பட்டிருக்குமோ என்று பதறினேன். படவில்லை. அதை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றபோதுதான் டிரைவர் அழுவது காதில் விழுந்தது.

ரோட்டை ஒட்டி ஒரு புளியமரம், அதன் பின்னால் மோட்டார் கொட்டகை. அங்கிருந்து ஒரு பெரியவர் மண்வெட்டியோடு வந்தார். எழுபது வயதுக்கு மேல். தலையில் துண்டு. என்னைப் பார்க்கவில்லை, டிரைவர் கையைப் பார்த்தார். தொட்டியில் மோட்டார் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. "அந்தத் தண்ணியில கையக் காட்டுப்பா. நான் சொல்ற வரைக்கும் எடுக்காத" என்று உட்கார வைத்தார். அப்புறம் என்னிடம் திரும்பினார்.

"இன்னாப்பா அது கையில, கொழந்தையா? கீழ வெச்சிட்டு மாட்ட எறக்கு. வண்டி எங்கியும் போவாது."

எறக்கு என்று சொல்லிவிட்டார். எப்படி இறக்குவது? ஏற்றும்போது எரு மேட்டை ஒட்டி வண்டியை நிறுத்தி நடத்தி ஏற்றினோம். இங்கே தார் ரோடு. சினை மாட்டைக் குதிக்க விட்டால் கன்று போனது என்று அர்த்தம். பெரியவர் இருபது அடி பின்னால் இருந்த வரப்பைக் காட்டினார். வாய்க்கால் கரை, வண்டித் தளத்துக்குச் சமமாக உயர்ந்திருந்தது. அதுவரை வண்டியைப் பின்னால் தள்ள வேண்டும். 930 கிலோவும் வண்டியும், ஆள் நாங்கள் இரண்டு பேர்.

அப்போதுதான் போளூரிலிருந்து பஸ் வந்தது. எங்களைக் கடந்து கொஞ்ச தூரம் போய், நிறுத்தமே இல்லாத இடத்தில் நின்றது. அம்மா ஜன்னலில் உட்கார்ந்திருந்தாராம், "எம்புள்ள வண்டி, எம்புள்ள வண்டி" என்று போட்ட கூச்சலில் கண்டக்டர் விசில் அடித்துவிட்டார். மூவரும் இறங்கினார்கள். அவர்களோடு பஸ்ஸிலிருந்து முன்பின் தெரியாத நாலு பேரும் இறங்கி வந்து வண்டியைத் தள்ளினார்கள். பஸ் அதுவரை நின்றது. தள்ளி முடித்ததும் கையைத் தட்டிக்கொண்டு ஏறிப் போய்விட்டார்கள். ஒரு நன்றிகூட ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை.

பின் கதவை இறக்கி வரப்பின் மேல் பாலம் மாதிரி சாய்த்து, மேலே சாக்கு விரித்து, அதன் மேல் ஈர மண்ணை அள்ளிப் போட்டார் பெரியவர். குளம்பு வழுக்காமல் இருக்க. மனைவி மாட்டின் காதருகே போய் நின்று ஏதோ பேசிக்கொண்டே முன்னால் நடந்தாள். மாடு அவள் பின்னால் நாலே எட்டில் வரப்புக்கு வந்துவிட்டது. நான் இழுத்திருந்தால் வந்திருக்காது.

புளியமர நிழலில் கட்டி, முதுகிலும் கழுத்திலும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினோம். ஒரு வாளித் தண்ணீரில் வெல்லமும் ஒரு பிடி உப்பும் கரைத்து மனைவி கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தாள். அரை மணி நேரத்தில் வாயை மூடியது. இன்னும் அரை மணியில் அசை போட ஆரம்பித்தது. அசை போடுகிற மாட்டைப் பார்ப்பதில் இத்தனை நிம்மதி இருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது. அம்மா டிரைவர் கைக்கு மஞ்சள் குழைத்துக்கொண்டிருந்தார். பெரியவர் தடுத்துவிட்டார். இருபது நிமிஷம் தண்ணீரில் காட்டி, சுத்தமான துணியை லேசாகப் போர்த்தி, ஒரு பைக்கில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தோம். கொப்புளம் வந்தது, ஆழமாகப் போகவில்லை என்று சாயங்காலம் தெரிந்தது.

வண்டிக்குப் பின்னால் ஐம்பதடி தள்ளி ரோட்டோரத்தில் புளியங்கொப்பை வெட்டி நட்டான் பையன். வண்டியில் முக்கோணப் பலகை இருந்திருக்க வேண்டும், இல்லை. நெடுஞ்சாலையில் ஐம்பதடி போதாது, இன்னும் தள்ளி வை என்று அவ்வழியே போன லாரிக்காரர் ஒருவர் நிறுத்திச் சொல்லிவிட்டுப் போனார். தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றுபோனால் 1033 என்ற எண்ணுக்கு அழைக்கலாம் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். மாட்டுக்கு ஏதாவது என்றால் 1962. ஆளுக்கு 108 எல்லோருக்கும் தெரியும், மாட்டுக்கு 1962 என்பதை வீட்டுச் சுவரில் எழுதி வைக்கிற வழக்கம் எங்களில் எத்தனை பேருக்கு இருக்கிறது?

மெக்கானிக் போளூரிலிருந்து வர இரண்டரை ஆனது. சீட்டைத் தூக்கிப் பார்த்து, ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகிற ரப்பர் ஹோஸைக் காட்டினார். நீளவாக்கில் கிழிந்திருந்தது. விரலால் அமுக்கிக் காட்டினார், பழுத்த வாழைப்பழம் போல உள்ளே போனது. "இது இன்னிக்குப் போனதில்ல. ஆறு மாசமா போய்க்கிட்டு இருந்திருக்கு" என்றார். ரேடியேட்டருக்குள் வெள்ளை வெள்ளையாகப் படிவம். கூலன்ட் ஊற்றாமல் போர் தண்ணீரையே ஊற்றி ஊற்றி உப்புக் கட்டியிருந்தது. டிராக்டர் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும், பாதி டிராக்டர்களுக்கு இதே கதி என்றார் அவர். சூடான என்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் வெடித்துவிடும், ஆற விட்டுத்தான் ஊற்ற வேண்டும், மூடியைக் கை வைக்கிற சூட்டுக்கு வரும்வரை தொடவே கூடாது. புது ஹோஸ், இரண்டு கிளிப், கூலன்ட், கூலி எல்லாம் வண்டிக்காரர் கணக்கு. அவர் அதற்குப் போனில் முனகினது தனிக் கதை.

ஆனால் நான் எழுத வந்தது பதினொன்றரைக்கும் இரண்டரைக்கும் நடுவில் புளியமரத்தடியில் நடந்ததைத்தான்.

"எந்த ஊரு? யாரு வூட்டுக்குப் போறீங்க?" என்று பெரியவர் கேட்டார். நான் வாயை மென்றேன். மனைவி தன் அப்பா பெயரைச் சொன்னாள். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவன் பொண்ணா நீ? அவனும் நானும் ஒரே ஜோடி ஏர்ல மாறி மாறி ஓட்டினவங்க. காரியத்துக்கு வந்தனே, கூட்டத்துல ஒன்னப் பாக்கல." அப்புறம் என்னைப் பார்த்தார். நான் எதிர்பார்த்த பேச்சு வரவில்லை. "நல்லதாப் போச்சு. கெணறு வறண்டு கெடக்கேன்னு நெனச்சேன். யாராச்சும் எறைச்சாதான் ஊத்து கண்ணு தொறக்கும்" என்றார்.

அதற்கு மேல் அவர் பேசியது முழுக்க என் நிலத்தைப் பற்றி. அந்த 1 ஏக்கர் 20 சென்ட்டில் மேற்கே 40 சென்ட் களி, மற்றதெல்லாம் மேலே ஒரு அடி வண்டல், கீழே மணல். ஆறு ஒரு காலத்தில் அந்தப் பக்கமாகத் திரும்பி ஓடின தடம் அது. தண்ணீர் நிற்காது. "ஒம்மாமனார் அந்த மணலுக்குத் தெரியாம நவரையில நெல்லு வெச்சிட்டு, பங்குனியில கெணத்த எட்டிப் பாத்து அழுதான். சொர்ணவாரிக்கு அந்தக் கெணறு தாங்கவே தாங்காது. களியில மட்டும் சம்பா வெய்யி. மணல்ல ஆடிப் பட்டத்துக்கு மல்லாட்ட. அதுவே போதும்."

நான் சொர்ணவாரிக்கு நெல் விடலாம் என்றுதான் இரண்டு மூட்டை விதையை ஏற்றி வந்திருந்தேன். இறங்கின வாரமே நாற்றங்கால் விடுவதாகத் திட்டம். பத்தொன்பது வருஷம் மாப்பிள்ளையாக வந்து கறிச்சோறு தின்று போயிருக்கிறேன். மாமனாரிடம் ஒரு நாள்கூட உங்கள் மண் என்ன மண் என்று கேட்டதில்லை. அவரும் மாப்பிள்ளையிடம் தன் தோல்வியைச் சொல்லவில்லை.

செய்யாற்றைப் பற்றியும் அவர்தான் சொன்னார். ஜவ்வாது மலையில் பிறந்து, செங்கம், கலசப்பாக்கம், போளூர்ப் பக்கம் எல்லாம் சுற்றி, செய்யாறு நகரத்தைக் கடந்து பாலாற்றில் சேர்கிற ஆறு. முருகன் அம்மாவுக்காக உண்டாக்கினதால் சேயாறு என்று பழைய கதை. வருஷத்தில் பெரும்பாலும் மணல்தான். ஆனால் அவர் சின்ன வயதில் ஆற்று மணலில் ஊற்றுக்கால் வெட்டி, மேலே தண்ணீர் ஓடாத மாதத்திலும் அடியில் ஓடுவதை வயலுக்குத் திருப்புவார்களாம். தைக்குப் பிறகு ஊரே சேர்ந்து மண்வெட்டியோடு ஆற்றுக்குள் இறங்குமாம். மணல் போனதும் ஊற்றும் போனது, போர் வந்தது. இதை அவர் கோபத்தோடு சொல்லவில்லை. புளியம்பழத்தை உடைத்து ஓட்டைத் தள்ளிக்கொண்டே சொன்னார்.

"மல்லாட்ட கொட்டையா, பருப்பா?" என்று நடுவில் கேட்டார். தோலோடுதான் கொண்டு வந்திருந்தோம். "அப்பப் பொழைச்சிது. ஒடச்சிருந்தா இந்த வெயில்ல தார்ப்பாய்க்கு அடியில வெந்திருக்கும்" என்றார். மூட்டைகளை உடனே இறக்கி நிழலில் காற்றாட வைத்தோம். தார்ப்பாய்க்கு அடியில் மூட்டையின் மேல்பக்கம் வியர்த்து ஈரமாக இருந்தது. போய்ச் சேர்ந்த பிறகு மனைவி ஈரச் சாக்கில் நூறு நூறாகப் போட்டு முளைப்புப் பார்த்தாள். நெல் 88. மல்லாட்டை 74. விதைச் சான்றிதழில் நெல்லுக்கு 80, மல்லாட்டைக்கு 70 என்பதுதான் குறைந்த அளவு, அதனால் தேறிவிட்டது. கிளம்பும் முன் பார்க்காமல் விட்டதால் வழியில் எவ்வளவு கெட்டது என்று கணக்கில்லை. விதையை இடம் மாற்றுகிறவர்கள் முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை பாருங்கள்.

வண்டி தயாராகி, டிரைவருக்குப் பதில் வேறு ஆள் வந்து, வெயில் சாயட்டும் என்று நாலரை வரை இருந்து, மாட்டை மறுபடி வரப்பிலிருந்து ஏற்றி, பத்துக் கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து வீடு சேர்ந்தபோது ஐந்தேகால். சாமான்களில் பாதி பெரியவரின் கொட்டகையிலேயே தங்கிவிட்டது, மறுநாள் அவர் டிப்பரில் கொண்டுவந்து கொடுத்தார். டீசலுக்குக்கூட காசு வாங்கவில்லை. சத்தமில்லாமல் வந்து இறங்க நினைத்தவன் நான். அதற்குள் ஊர் முழுக்கச் செய்தி போய், வாசலில் பத்துப் பேர் நின்றார்கள். ஒரு அக்கா வைக்கோல் கட்டோடு, ஒருவர் மாட்டுக்கு முளைக்குச்சியோடு.

மறுநாள் கால்நடை மருந்தகத்து டாக்டர் வந்து பார்த்தார். கன்று அசைவு இருக்கிறது, பயமில்லை என்று சொல்லிவிட்டு என்னைத் திட்டினார். கடைசி ஒன்றரை மாதத்தில் சினை மாட்டை வண்டியில் ஏற்றவே கூடாதாம். தவிர்க்கவே முடியாவிட்டால் விடியற்காலையில், தனி வண்டியில், தளத்தில் மணலோ வைக்கோலோ கனமாகப் பரப்பி, வயிறு முட்டத் தீனி போடாமல், கிளம்பும் முன் தண்ணீர் காட்டி ஏற்ற வேண்டும். திடீர் பிரேக் கூடாது. ஈன்று ஒரு மாதம் பொறுத்திருந்தால் என்ன, வீடு ஓடியா போகும் என்று கேட்டார். ஆரணி வீட்டுக்காரரிடம் ஒரு மாத வாடகை கூடுதலாகக் கொடுப்பதை மிச்சம் பிடிக்கத்தான் அவசரப்பட்டேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை. மூன்று வாரம் கழித்து கிடாரி பிறந்தது. புளியமரத்தடியில் பிழைத்ததால் அம்மா அதைப் புளி என்று கூப்பிடுகிறார். கன்றுக்கு இப்படி ஒரு பெயரா என்று எல்லோரும் சிரிக்கிறார்கள்.

ரேஷன் கார்டு முகவரி மாற்றம், பால் சங்கத்தில் சேர்வது, பையனுக்குப் பள்ளி மாற்றம் எல்லாம் அலைந்து முடிந்தது. அதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

ரத சப்தமிக்கு திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் கலசப்பாக்கம் செய்யாற்றுக்குத் தீர்த்தவாரிக்கு வருவார் என்று 19 வருஷமாகக் கேட்டிருக்கிறேன், பார்த்ததில்லை. இந்த வருஷம் பார்த்தேன். கலசப்பாக்கத்துத் திருமாமுடீஸ்வரரும் சேர்ந்துகொள்கிறார். மணலில் பந்தல், பலூன் கடை, கரும்புச் சாறு, எள் விழ இடமில்லாத கூட்டம். வருகிற வழியில் சாமி கோயிலுக்குச் சொந்தமான வயலைப் பார்வையிட்டுவிட்டு வருவது வழக்கம். அதைப் பெரியவரிடம் சொல்லி, "சாமியே நெலத்தப் பாக்க வருஷம் ஒரு தடவதான் வருது" என்று நான் சிரித்தேன். "நீ பத்தொம்போது வருஷம் வரலியே" என்றார்.

சொர்ணவாரிக்கு நெல் விடவில்லை. ஆடியில் மணலில் மல்லாட்டை போட்டோம். சம்பாவுக்கு 40 சென்ட் களியில் மட்டும் நட்டோம். தறி மட்டும் ஐப்பசி வரை கட்டாமல் கிடந்தது. மழைக்காலத்தில் தறிக்குழியில் ஈரம் ஏறினால் பாவு நமுத்துவிடும், அதனால் மேடான இடமாகப் பார்த்துக் கூடத்தின் கிழக்கு மூலையில் தோண்ட ஆரம்பித்தேன். பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். முதல் ஒரு அடி வண்டல். கடப்பாரையை அடுத்த குத்துக் குத்தியதும் சரசரவென்று உள்ளே போனது. அள்ளிப் பார்த்தால் வெள்ளை மணல்.

"இன்னா வந்துது?" என்றார் திண்ணையிலிருந்து.